எதிர்ப்பே இல்லாத கண்டக்டர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பசு காளைக்கன்று போட்டாலும் அதற்குக் காரணம் நான்தான். பசு சினை பிடிக்காமல் போனாலும் நான்தான். இத்தனைக்கும் நான் கால்நடை மருத்துவர் இல்லை. மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்னால் நின்றால் முட்டும், பின்னால் நின்றால் உதைக்கும் என்பது மட்டுமே. நான் படித்தது இயற்பியல். அதிலும் கடுங்குளிரில் உராய்வே இல்லாமல் அந்தரத்தில் மிதந்தபடி சுற்றும் பேரிங்குகளைப் பற்றி. இந்தப் பேரிங்குக்கும் அந்தக் காளைக்கன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எந்தச் சம்பந்தமும் இல்லாமல்தான் இரண்டும் நிம்மதியாக இருந்தன. ஒரே காலைப்பொழுதில் சம்பந்தம் பேசி முடித்து வைத்தது நான்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பச்சை இலையைப் பறித்து பாக்டரிக்குக் கொண்டுபோனால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது என்று பாதிப் பேர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். தேயிலைச் செடி உண்மையில் ஒரு மரம் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மாடு வாங்கினார்கள். டீ விற்காவிட்டால் என்ன, பாலையாவது விற்போம் என்ற கணக்கு. எஸ்டேட்டுகள் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு அனுப்பின. அப்படி அனுப்பப்பட்டவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர்.

மாமா கண்டக்டர். பஸ்ஸில் விசில் ஊதுகிற கண்டக்டர் இல்லை, எஸ்டேட் கண்டக்டர். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் கொழுந்து பறிப்பது, யார் களை எடுப்பது என்று பிரித்து அனுப்புகிறவர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், தலையில் தொப்பி, கையில் தடி. "பெரட்டு!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் மூன்று மலைக்கு அப்பால் இருக்கிறவர்களும் இடுப்புக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படி நின்றவரை ஒரு நாள் கூப்பிட்டு, ஒரு சர்டிபிகேட்டும் ஒரு சால்வையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடிவந்தார். பெரட்டு எடுக்க ஆள் இல்லாததால் எங்களை எடுத்தார். காலையில் அம்மா காபி போட்டாளா, நான் லீவில் வந்தால் எத்தனை மணிக்கு எழுந்தேன், எல்லாம் அவர் பார்வையில்தான்.

எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் மாமா வாயிலிருந்துதான் வரும். அப்பா அதிகம் பேசாதவர். போஜன் முதலாளி என்ற படுகர் ஒருவருக்குச் சொந்தமான சின்ன டீ பாக்டரியில் அவர் எலக்ட்ரீசியன். மோட்டாருக்கும் அவருக்கும் மட்டும்தான் ஒத்துப்போகும். ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, பேரிங்கு என்ன சொல்கிறது என்று கேட்பார். எங்கள் அம்மா சொல்வதை அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டிக்காரர் வீட்டில் மாப்பிள்ளையும் கிடைத்திருந்தார். பெங்களூரா, உருளைக்கிழங்கா என்பதை மாமாதான் தீர்மானிக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை 'வேண்டாம்' என்றால் நான் ஆயுள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். (அந்த மாப்பிள்ளை பாவம், நல்லவர். அவர் தப்பித்த கதையும் இதில் வருகிறது.)

ஆகவே மாமாவை மசியவைக்க ஹாஸ்டலிலிருந்து ஒரு கடிதம் எழுதினேன். அறிவியலை எளிய தமிழில் பாமரருக்கும் புரியும்படி விளக்குகிற மகத்தான திறமை எனக்கு இருப்பதாக அந்த நாளில் ஒரு நினைப்பு. அந்தக் கடிதம் இப்போதும் மாமா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி எடுத்து வாசிக்கிறார்கள். அதிலிருந்து கொஞ்சம்:

"அன்புள்ள மாமாவுக்கு, நான் பெங்களூர் போக நினைப்பது சூப்பர் கண்டக்டர் விஷயமாகத்தான். இனிமேல் எதிர்காலமே சூப்பர் கண்டக்டர்தான். சாதாரண கண்டக்டருக்கு எப்போதும் எதிர்ப்பு இருக்கும். சூப்பர் கண்டக்டருக்கு எதிர்ப்பே இருக்காது. ஆனால் ஒன்று, கடும் குளிரில்தான் வேலை செய்யும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலை போய்விடும். நம் போஜன் முதலாளி பாக்டரிக்கே ஒரு நாள் சூப்பர் கண்டக்டர் வரும். வந்தால் எல்லாம் உராய்வில்லாமல் ஓடும். லீவில் வரும்போது பாக்டரியிலேயே காட்டுகிறேன். நீங்களும் கட்டாயம் வர வேண்டும்."

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்குத்தான் சூப்பர் கண்டக்டர் என்று பெயர். மின்தடை என்று எழுதினால் மாமாவுக்குப் புரியாது என்று 'எதிர்ப்பு' என்று எழுதிய என் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்கவும். உலகத்தில் எத்தனையோ மாமாக்கள் இருக்கிறார்கள். மருமகளுக்குக் கண்டக்டர் மாமாவே வாய்த்திருக்கும்போது அவருக்கு இப்படி ஒரு கடிதம் எழுத என்னைப் போல முதல் வகுப்பில் தேறிய ஒருத்தியால்தான் முடியும்.

பதில் உடனே வந்தது. "கட்டாயம் வருகிறேன். குளிர் ஒரு பொருட்டல்ல. சோலூர்ப் பக்கம் உறைபனியில் பல வருடம் நின்றவன் நான்" என்று எழுதியிருந்தார். மாமாவுக்கு அறிவியலில் இவ்வளவு ஆர்வமா என்று அறையில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சோதனைக்கு எனக்கு மூன்று பொருட்கள் வேண்டும். ஒன்று, சூப்பர் கண்டக்டர். பிஸ்கட் அளவில் ஒரு கறுப்பு வில்லை. நானே பரிசோதனைக்கூடத்தில் சுட்டு எடுத்தது. இரண்டு, அதன்மேல் மிதக்க ஒரு வளையக் காந்தம். மூன்று, வில்லையைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. ஊட்டி டிசம்பரில் எங்கள் ஆட்கள் "நெம்பக் குளுருதுங்க" என்று சொல்வதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வெயில்.

நைட்ரஜனைக் காலேஜிலிருந்து ஒரு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிளாஸ்கின் மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மூடியை இறுக்கி மூடக்கூடாது, வெடித்துவிடும். இந்த உண்மையை பஸ் கண்டக்டரிடம் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்ன அம்முணி, புகையுது?"

"பயப்படாதீங்கண்ணா. மூடினாத்தான் வெடிக்கும்."

அவர் விசிலை ஊதினார். அரை நிமிடத்தில் நான் பிளாட்பாரத்தில் நின்றேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நைட்ரஜனைக் கொட்டினேன். தரையெல்லாம் மேகம் ஓடியது. கூடி நின்று பார்த்தவர்கள், அடுத்த வித்தை என்ன என்று கேட்டார்கள். இந்தக் கதையில் வரும் கண்டக்டர்களில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

வில்லையும் காந்தமும் இருந்தன, நைட்ரஜன் இல்லை. மறுநாள் காலை சோதனை. அம்மாவிடம் புலம்பியபோது, பால் சொசைட்டியில் சினை ஊசி போடும் வெள்ளிங்கிரி அண்ணனிடம் புகை வருகிற கேன் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. காளையின் விந்து அடைத்த சின்னச் சின்னக் குழாய்களைத் திரவ நைட்ரஜனில்தானே வைத்திருப்பார்கள்! வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த அந்த அலுமினியக் கேனை மொபெட்டில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அவர் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். உலகத்தின் அதிநவீன இயற்பியல் தினமும் எங்கள் வாசல் வழியாக மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் முதலாளியின் பசுவுக்கே ஊசி போட வேண்டியிருந்தது. கொட்டகை பாக்டரிக்குப் பின்னால்தான். வெள்ளிங்கிரி அண்ணன் தனக்கு வேண்டிய ஒரு குழாயை எடுத்துக்கொண்டு கேனை என்னிடம் ஒப்படைத்தார்.

"ரெண்டு டம்ளருக்கு மேல எடுத்துராதீங்க அம்முணி. குழா காஞ்சுதுன்னா போச்சுங்க. உள்ளுக்குள்ள ஊருக்கே கன்னுக்குட்டி இருக்குது."

"எனக்குத் தெரியாதுங்களா அண்ணா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று கொடுக்கலாமா என்று தோன்றுகிறது.

சோதனை நடந்தது பாக்டரியின் மாடியில், இலையை வாட வைக்கும் இடத்தில். நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பச்சை இலையைப் பரப்பி, அடியில் பெரிய மின்விசிறியால் காற்று அடிப்பார்கள். அந்த வாரத்தில் இலை வந்த ஒரே நாள் அது. எல்லாத் தொட்டிகளுக்கும் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஒரு விசிறி. மற்றதை எல்லாம் கழற்றிப்போட்டு அந்த ஒன்றை அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். இலையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் மூடிய எஸ்டேட்டுகளிலிருந்து வந்தவர்கள். அன்று இலை கெட்டால் பாக்டரியை மூடிவிடுவதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மாமா வந்தார். படியேறி வந்தவரைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். கஞ்சி போட்ட காக்கி, முழங்கால் சாக்ஸ், தொப்பி, புதிதாக மீசை முறுக்கு. கக்கத்தில் ஒரு பைல். என் ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையா என்று கண்ணே கலங்கிவிட்டது. நேராக முதலாளி முன் போய் நின்றார்.

"வணக்கமுங்க. இருவத்திரண்டு வருச சர்வீஸுங்க. குளுரெல்லாம் நமக்கு ஒண்ணுமில்லீங்க."

முதலாளி குழப்பமாக, "ஆகட்டுங்க, உக்காருங்க" என்றார். மாமா உட்காரவில்லை. அட்டென்ஷனில் நின்றார்.

நான் தெர்மோகோல் தட்டில் வில்லையை வைத்து, இரண்டு டம்ளர் நைட்ரஜனை ஊற்றினேன். புகை அடங்கியது. காகித இறக்கைகள் ஒட்டிய வளையக் காந்தத்தை மேலே விட்டேன். அது தொடாமல், எதிலும் படாமல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. லேசாக ஊதினேன். சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் கிளறுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பாகூட ஸ்குரூ டிரைவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார். தொடுவதற்கு இடம் இல்லாததால் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் மிகவும் அழகாக இருந்த ஒன்றரை நிமிடம் அது.

"இதாங்க சூப்பர் கண்டக்டர்!" என்றேன்.

மாமா திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். யாரோ வருகிறார்கள் என்று நினைத்தார் போல. யாரும் வரவில்லை.

"ஆரு கோகிலா?"

"ஆருமில்ல மாமா. இதுதான். இந்தக் கறுப்பு வில்லை."

"இதா கண்டக்டரு?"

"ஆமாங்க மாமா."

"இதுக்குத்தான் எதிர்ப்பே இருக்காதுன்னு எழுதினயா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தின் ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. தொழிலாளர்கள் எதிர்க்காத கண்டக்டர். குளிர் தாங்கும் கண்டக்டர். போஜன் முதலாளி பாக்டரிக்கு ஒரு நாள் வரப்போகும் கண்டக்டர். மாமா கக்கத்தில் இருந்த பைலை மெதுவாக எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பைல் பின்னால் போனதைப் பார்த்தபோது எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. அவருக்கு ஒரு வேலை வேண்டும் என்பது இத்தனை மாதமாக என் மண்டைக்குள் ஏறவே இல்லை. எல்லோருக்கும் பெங்களூரைப் பற்றித்தான் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்குது. இது நம்ம மோட்டாருக்கு ஆகுமா?"

ஆகாது என்பதுதான் உண்மை. அறிவுள்ள ஒருத்தி அதைச் சொல்லிவிட்டு மாமாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் எப்படியாவது அந்த நிமிடத்தை மறைக்க வேண்டும் என்று துடித்தேன். மறைக்க என் கைக்கு எட்டிய ஒரே பொருள் வெள்ளிங்கிரி அண்ணனின் கேன்.

"அதுக்கு வேற பேரிங்கு வேணுங்க. ஆனா சாதா மோட்டாரே குளிர்ல நல்லா ஓடும். செம்புக் கம்பிக்கு எதிர்ப்பு குறைஞ்சிரும். காட்டறேன் பாருங்க!"

"வேண்டாங் கண்ணு" என்றார் அப்பா. அந்த வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதற்கு அடுத்து வந்தது. "பேரிங்குக்குக் குளுரு ஆவாது. மார்கழியிலயே கிரீஸு கட்டியாயிரும்."

முப்பது வருடம் மோட்டாரோடு பேசியவர் சொல்கிறார். நான் எம்.எஸ்ஸி. ஆயிற்றே, கேட்பேனா? "அப்பா, அது பழைய முறை" என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த விசிறி மோட்டாரின் மேல் கேனைக் கவிழ்த்தேன்.

இதன்பின் நடந்ததில் இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். நைட்ரஜன் மோட்டாரில் பட்டதும் வெண்மேகம் கிளம்பியது. அதை விசிறி அப்படியே உள்ளே இழுத்துத் தொட்டிகளுக்கு அடியில் தள்ளியது. எல்லாத் தொட்டிகளிலும் இலைக்கு நடுவிலிருந்து ஒரே நேரத்தில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும்பியது. மோட்டார் உறுமியது. முனகியது. பிறகு நின்றுவிட்டது. நின்ற மோட்டாரிலிருந்து இப்போது உண்மையான, கருகிய வாசனையுள்ள புகை வந்தது. பியூஸ் போய் விளக்குகளும் அணைந்தன.

"தீ!" என்று யாரோ கத்தினார்கள். "கேஸு!" என்று இன்னொருவர். இருபது பேரும் குறுகலான ஒரே படிக்கட்டைப் பார்த்து ஓடினார்கள். ஒன்றும் தெரியாத வெள்ளைப் புகையில் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற சத்தமும் அலறலும். நான் காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். யாராவது விழுந்து மிதிபட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

அப்போது அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பெரட்டு!"

அத்தனை பேரும் நின்றார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, அப்படியே நின்றார்கள். எஸ்டேட்டில் பழகிய உடம்பு அது. மூளையைக் கேட்காமல் வரிசையில் வந்துவிடும். எஸ்டேட் பார்த்திராத மீதிப் பேரும் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து நின்றார்கள். முதலாளியும் நின்றார். நானும் நின்றேன்.

"முன்னாடி நிக்கறவிய மொதல்ல எறங்கோணும். ஒவ்வொருத்தரா! ஆரும் தள்ளப்படாது! மாரியம்மா, நீ அந்தச் சன்னலைத் தெற! பொன்னி, நீ இந்தப் பக்கம்!"

பெயர் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் பெரட்டு எடுத்தவருக்குப் பாதி மலையின் பெயரும் தெரியும். புகை கலைந்தபோது ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மாமா தொட்டிக்குள் கையை விட்டு இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"முதலாளி, காத்து இல்லாம இப்படியே குமிஞ்சு கெடந்தா இலை சூடேறிச் செவந்துரும். கீழ தரையெல்லாம் கூட்டிட்டு மெல்லிசா விரிச்சுடலாங்க. மோட்டாரு சரியாகற வரைக்கும் கையிலயே கிளறிட்டு இருந்தாப் போதும்."

முதலாளி தலையாட்டினார். அடுத்த அரை மணி நேரத்தில் பாக்டரித் தரை முழுக்கப் பச்சை விரிந்தது. மாமா தடியோடு நடுவில் நடந்தார். யார் எந்த மூலை, யார் எந்த வரிசை என்று பிரித்துக்கொடுத்தார். என்னையும் ஒரு மூலையில் உட்காரவைத்தார். அப்பா மோட்டாரைக் கழற்றிப் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். கிரீஸ் மெழுகுக் கட்டியாக இருந்தது.

"எதிர்ப்பு நல்லாக் குறைஞ்சிருக்குது கண்ணு" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளிங்கிரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் பக்கத்தில் கிடந்த கேனைத் தூக்கினார். எடையே இல்லை. அவர் முகத்தில் ஓடியதை நான் விவரிக்க விரும்பவில்லை.

"அய்யோ சாமி! ஊரு மாடெல்லாம் என்னையல்லோ கேக்கும்!"

மாடு கேட்காது, மாட்டுக்காரர்கள்தான் கேட்பார்கள் என்று திருத்தும் நிலையில் நான் இல்லை. உள்ளே குளிர் மிச்சம் இருக்கும்போதே கோத்தகிரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் காப்பாற்றலாம் என்று மட்டும் ஈனஸ்வரத்தில் சொன்னேன். அன்று நான் சொன்னதில் உண்மையும் உபயோகமும் சேர்ந்து இருந்த ஒரே வாக்கியம் அது. மொபெட் பறந்தது. குழாய்கள் பிழைத்தன என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் அதை இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. பசுங்கன்று பிறந்தால் அது கடவுள் செயல். காளைக்கன்று பிறந்தால், "அன்னிக்கு அந்தப் புள்ள கேனைக் கவுத்துச்சே, அதுல கெட்டுப்போச்சு" என்பார்கள். அந்தக் கேனைக் கண்ணால் பார்த்திராத மாடுகளுக்கும் இதே தீர்ப்புதான்.

சாயங்காலத்துக்குள் அப்பா பழைய மோட்டார் ஒன்றின் பேரிங்கைப் போட்டு, கருகிய கம்பியை மாற்றி, விசிறியை ஓடவைத்துவிட்டார். இலை கெடவில்லை. மோட்டார் நின்றதிலிருந்து அதுவரை முதலாளி என்னைப் பார்த்துப் பேசியது முழுவதும் படுகு மொழியில். கோபம் வந்தால் அவர் தமிழை விட்டுவிடுவார். எனக்குப் படுகு கொஞ்சம் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம். கடைசியாக மாமாவிடம் திரும்பியபோதுதான் தமிழுக்கு வந்தார்.

"நாளையிலிருந்து வந்துருங்க. இலை எடுக்கறது, ஆள் பாக்கறது எல்லாம் உங்க பொறுப்பு."

மாமாவின் கை தானாகவே பைலை முன்னால் கொண்டுவந்தது. "என்ன போஸ்ட்டுங்க முதலாளி?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. "அதான் உங்க மருமக சொல்லிடுச்சே. சூப்பர் கண்டக்டர்."

மறுநாள் மாமா வீட்டில் குடும்பக் கூட்டம். நான் மூட்டைகளுக்கு நடுவே உட்காரத் தயாராகிவிட்டேன். மாமா நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"இவள ஊட்டுல வெச்சிருந்தா இருக்கற மோட்டாரும் போயிரும். மண்டியில கட்டிக்கொடுத்தா அவிய பம்பு செட்டும் போயிரும். பெங்களூருக்கே அனுப்பிருங்க. அங்கதான் பெரிய பெரிய ஆளுங்க இருக்கறாங்கல்ல, அவிய பாத்துக்குவாங்க."

பாக்டரியில் நடந்ததைக் கேள்விப்பட்டு மண்டி வீட்டார் அதற்குள் தாங்களாகவே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்படியாக, என் திறமையால் எனக்குக் கிடைக்காத பெங்களூர் என் திறமையின்மையால் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட வந்த மாமாவிடம் அந்தப் பைலைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "போ கண்ணு. நீ எழுதினது ஒண்ணும் தப்பில்ல, ஆளுதான் மாறிப்போச்சு" என்றார். நான் மேட்டுப்பாளையம் வரை அழுதுகொண்டு போனேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. கடுங்குளிரில் சுற்றும் மோட்டார்களும், தொடாமல் தாங்கும் பேரிங்குகளும்தான் இன்றும் என் வேலை. எதன்மீதும் எதையும் நேரடியாகக் கவிழ்ப்பதில்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம். மாமாவுக்கு இப்போது காது மந்தம். ஊரில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சூப்பர் கண்டக்டர் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கைகாட்டும்.

போன மாதம் லீவில் போனபோது, அன்று சன்னலைத் திறந்த மாரியம்மா அக்கா கோத்தகிரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெங்களூரில் இன்னும் என்னதான் பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். அடிபட்டும் புத்தி வராத நான், மறுபடியும் எளிய தமிழில் விளக்கினேன்.

"சூப்பர் கண்டக்டரைப் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க்கா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்க மாமனைப் பத்தியா? அதுக்கெதுக்குக் கண்ணு அத்தன தூரம் போகோணும்? ஊட்டுலயே இருந்து பண்ணியிருக்கலாமல்ல!"